பேய் விளையாட்டைப் பிடுங்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்

ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் சங்க மலருக்கு எழுதினால் திருத்தல யாத்திரையைப் பற்றியோ சர்க்கரை வியாதியைப் பற்றியோ எழுதுவார் என்றுதான் அன்பர்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் பேய் வரும் வீடியோ கேம்களைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அதிலும், "இவை கெட்டவை, ஒழிக்க வேண்டும்" என்று எழுத வரவில்லை. சிலவற்றை விளையாடலாம் என்று சிபாரிசு செய்யவே வந்திருக்கிறேன். என் மனைவிக்கே இதில் சம்மதமில்லை.

இன்ஜினியரிங் டிப்ளமோ முடித்து, பி.டபிள்யூ.ஐ. என்று அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட பாதை ஆய்வாளர் வேலையில் சேர்ந்து, ஆயுளில் பாதிக்கு மேல் தண்டவாளத்தோடு கழித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு குப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷனான குடுபல்லியிலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். மகள் குடும்பம் பெங்களூரில். பேரனுக்கு வயது 15. கோடை விடுமுறைக்கு வந்தவன் லேப்டாப்பும் காதில் மாட்டும் ஹெட்போனுமாக வந்தான். "அப்பா, அவன் பேய் கேம் ஆடுறான், கொஞ்சம் கண்டிச்சு வையுங்க" என்று மகள் போனில் சொன்னாள். கண்டிப்பது எனக்குக் கைவந்த கலை. நாற்பது கேங்மேன்களை மேய்த்தவன் ஒரு பையனை மேய்க்க மாட்டேனா என்று லேப்டாப்பை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது போர்வைக்குள்ளே வெளிச்சம் தெரிந்தது. விலக்கிப் பார்த்தால், காசு கொடுக்காமல் கிடைக்கும் ஏதோ ஒரு மட்டமான விளையாட்டு, வெறும் ரத்தமும் அலறலுமாகக் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பையனின் கை சில்லிட்டுப் போயிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பிடுங்கியதால் அவன் நிறுத்தவில்லை. கூடத்தில் வெளிச்சத்தில் எல்லாருக்கும் முன்னால் ஆடிக்கொண்டிருந்ததை, இருட்டில், தனியாக, ஒளித்து ஆடும்படி செய்திருக்கிறேன். விளையாட்டும் முன்னதைவிட மோசமானதாகிவிட்டது.

மறுநாள் காலை பீரோவைத் திறந்து, "எங்கே, என்னதான் இருக்கு, காட்டுடா பார்க்கலாம்" என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அவன் முதலில் காட்டியது 'எக்ஸிட் 8' என்ற ஜப்பானிய விளையாட்டு. 2023-ல் கோட்டாகே கிரியேட் என்ற சிறிய தயாரிப்பாளர் வெளியிட்டது. 2025-ல் சினிமாவாகவும் வந்துவிட்டது. விஷயம் இதுதான்: பூமிக்கடியில் ஓடும் ரயிலின் ஸ்டேஷனில் ஒரு நடைபாதை. வெள்ளை ஓடு பதித்த சுவர், ஒரு பக்கம் விளம்பரத் தாள்கள், மறு பக்கம் கதவுகள், எதிரே பெட்டியோடு நடந்து வரும் ஒரு மனிதர். நடந்து திரும்பினால் மறுபடியும் அதே நடைபாதை. ஏதாவது வழக்கத்துக்கு மாறாக இருந்தால் உடனே திரும்பி வந்த வழியே போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் முன்னே போக வேண்டும். தொடர்ந்து சரியாகச் சொல்லி எட்டாம் எண் வாசலை அடைந்தால் வெளியே வரலாம். ஒரு தப்புச் செய்தால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது கால்நடை ஆய்வு அல்லவா! ஒரே ஆறேழு கிலோமீட்டர் பாதையைத் தினந்தோறும் நடந்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது கீமேனின் வேலை. அவன் சரியாகப் பார்த்தானா என்று பார்ப்பது என் வேலை. பையன் ஐந்தாம் எண் வரை வந்து வந்து பூஜ்யத்துக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"தாத்தா, கதவெல்லாம் சரியா இருக்கா?"

"இல்லடா, நடுக்கதவைப் பாரு. கைப்பிடி ஓரத்துல இருக்கணும், நடுவுல இருக்கு."

"ஐயோ! ஆமா தாத்தா!"

திரும்பி ஓடினான். எண் ஏறியது. பிறகு இருவரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். கூரை விளக்குகளும் கதவுகளும் என் பொறுப்பு, விளம்பரங்களும் எதிரே வரும் மனிதரும் அவன் பொறுப்பு. ஒரு தடவை அந்த மனிதர் எங்களைப் பார்த்துச் சிரித்தபோது நான் நாற்காலியோடு பின்னுக்குப் போனேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் கழித்து எட்டாம் வாசல் வழியாக வெளியே வந்தபோது பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த ஒரு மணி நேரமும் அவன் தமிழில் பேசினான். நம் குடும்பங்களின் கஷ்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. வெளியே கன்னடம் அல்லது தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் மூன்றும் கலந்த ஒன்று. தாத்தாவிடம் பேரன் பேசுவது "சாப்பிட்டேன்", "சரி", "பை" என்ற மூன்று சொற்களோடு முடிந்துவிடுகிறது. 'மேலே', 'ஓரம்', 'கோணல்', 'முன்னாடி இருந்ததுக்கு மாறா' என்றெல்லாம் அவன் வாயிலிருந்து வந்ததை நான் அன்றுதான் கேட்டேன். பயத்தில் மனிதனுக்குச் சுருக்கமான சொல் தேவைப்படுகிறது. எதிரில் இருப்பவனுக்குப் புரியும் சொல்லாகவும் இருக்க வேண்டும். எனவே என் முதல் சிபாரிசு இதுதான். இதே தயாரிப்பாளர் 2024-ல் வெளியிட்ட 'பிளாட்ஃபார்ம் 8' ரயில் பெட்டிக்குள்ளேயே நடப்பது. அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய ஆட்டங்களில் இரண்டை இன்ஜினியர் என்ற முறையில் சொல்ல ஆசை. ஜப்பானின் கேப்காம் 1996-ல் கொண்டுவந்த 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டில் ஒவ்வொரு அறைக்கும் போகும்போது ஒரு கதவு மெல்லத் திறப்பதைக் காட்டுவார்கள். அடுத்த அறையின் படங்களை வட்டிலிருந்து ஏற்றிக்கொள்ள மெஷினுக்கு நேரம் வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பையே பயமாக மாற்றிவிட்டார்கள். கொனாமி 1999-ல் வெளியிட்ட 'சைலன்ட் ஹில்' ஊரெங்கும் மூடுபனி. தூரத்தில் உள்ள கட்டடங்களையெல்லாம் வரைந்து காட்ட அந்தக் காலப் பிளேஸ்டேஷனுக்குச் சக்தி போதாது, அதனால் பனியைப் போட்டு மூடினார்கள். அந்தப் பனிதான் இன்று வரை அந்த ஆட்டத்தின் அடையாளம். கையில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ கொடுப்பார்கள். ஆபத்து நெருங்கினால் அது கரகரக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரியும். இருக்கிற தளவாடத்தை வைத்து வேலையை முடிப்பது எப்படி என்று ரயில்வேயில் எங்களுக்கும் தெரியும் என்பதால், அந்தத் தொழிலாளிகளுக்கு மனதுக்குள் ஒரு சலாம் வைத்தேன்.

ஸ்வீடன் நாட்டின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2010-ல் வெளியிட்ட 'அம்னீசியா: தி டார்க் டிசென்ட்' இன்னும் ஒரு படி மேலே. இதில் ஆயுதமே கிடையாது. ஒரு விளக்கு, அதற்குக் கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். இருட்டில் அதிக நேரம் நின்றால் புத்தி தடுமாறும். விளக்கை ஏற்றினால் எண்ணெய் தீரும், துரத்துகிறவனுக்கும் நாம் இருக்கும் இடம் தெரியும். ஒளிந்து, மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். இது பெரியவர்களுக்கான ஆட்டம். மகளும் மருமகனும் ஆடட்டும், பேரனுக்கு நான் கொடுக்கவில்லை. அவன் கேட்டது வேறு: "தாத்தா, நீங்க நிஜமா பயந்தது எப்போ?"

அதுவரை அவன் என்னைக் கேட்காத கேள்வி. சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. 1986, ஐப்பசி மழை. குடுபல்லிக்கும் பிசாநத்தத்துக்கும் நடுவே, இரவு ரோந்து ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ரோந்துக்காரர் கூடவே நடந்தேன். கையில் விளக்கு, தோளில் டெட்டனேட்டர் பெட்டி. டெட்டனேட்டர் என்பது தண்டவாளத்தில் கட்டி வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வேட்டு. வழியில் ஒரு மரம் தலைவிரித்து நிற்கும் பெண்ணாகத் தெரிந்து எனக்குக் கால் நகரவில்லை. ரோந்துக்காரர் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் அவரே நின்றுவிட்டார். "சார், தண்ணிச் சத்தம் மாறியிருக்கு" என்றார். எனக்கு எல்லா மழையும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால் ஸ்லீப்பருக்குக் கீழே ஜல்லி இல்லை, மண் இல்லை. தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது. ரயில் வர வேண்டிய பக்கமாக அவர் சிவப்பு விளக்கோடு ஓடினார். 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. அவர் திரும்பி வரும் வரை அந்தப் பள்ளத்தருகே நான் தனியாக நின்றேன். மூன்று வெடியும் தூரத்தில் கேட்டபோதுதான் மூச்சு வந்தது. அந்தப் பெண் மரத்தைப் பற்றி அதன் பிறகு நினைக்கவேயில்லை.

பேரன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். "இதையே ஒரு கேம் ஆக்கலாமே தாத்தா" என்றான்.

அந்தக் கதைக்குப் பிறகு வருவேன். ரயில்காரன் என்பதால் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 'சூ-சூ சார்லஸ்' என்று 2022-ல் வந்த ஆட்டம். பாதி ரயில் இன்ஜின், பாதி சிலந்தியான ஒரு பூதம் தீவு முழுக்கத் துரத்துகிறது. நாம் ஒரு பழைய இன்ஜினை ஓட்டிக்கொண்டு தப்ப வேண்டும். பயத்தைவிடச் சிரிப்பு அதிகம். ஒரு சிக்னல் கிடையாது, பிளாக் ஒர்க்கிங் கிடையாது, பாயின்டை டிரைவரே இறங்கி மாற்றிக்கொள்கிறார். அந்தத் தீவின் ரயில்வே நிர்வாகத்தின் மீது விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டும்.

இனி எச்சரிக்கைகள். மேலே சொன்னவற்றில் ரெசிடென்ட் ஈவில், சைலன்ட் ஹில் எல்லாம் ரத்தம் உள்ளவை, சிறுவர்களுக்கானவை அல்ல. வாங்கும் இடத்தில் போட்டிருக்கும் வயது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு, விட்டுவிட்டு மின்னும் வெளிச்சம் ஆகாது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தை அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம் என்று எங்கள் வீட்டில் சட்டம். ஹெட்போன் மாட்டினால் பயம் இரட்டிப்பாகும் என்பது உண்மைதான், ஆனால் மாட்டிய நிமிடமே பையன் தனியாகிவிடுகிறான். ஸ்பீக்கரில் வையுங்கள். பாட்டி திட்டினால் திட்டட்டும், அவர்களும் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

மற்ற நாட்டார் தங்கள் ஊர்ப் பயத்தையே விளையாட்டாக்கிவிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் 2017-ல் செய்த 'டிடென்ஷன்', 1960-களின் ராணுவச் சட்டக் காலத்தில் ஒரு மலைப் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. தடை செய்த புத்தகம் படித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் கதை. அங்கே பேயைவிடக் காட்டிக்கொடுப்பவன்தான் பயங்கரம். இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்தார் செய்த 'டிரெட்அவுட்' (2014) அவர்கள் பாட்டிமார் சொன்ன பேய்களையே கொண்டுவருகிறது. பள்ளிப் பெண் கைப்பேசிக் கேமராவால் அவற்றை எதிர்கொள்கிறாள். நம்மால் முடியாதா? கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்து டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் செய்த 'வெண்பா', அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. அதில் பேய் இல்லை. ஆனால் இட்லியை வைத்து உலகத்தைக் கட்டிப்போட முடிந்தவர்களுக்கு முனியை வைத்து முடியாதா?

முனிகூட வேண்டாம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கோலார் தங்கவயல் இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். கீழே அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால், மேலே லைன் வீடுகளில் பாத்திரம் ஆடும். வீட்டில் இருக்கும் பெண் ஆடும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, கீழே யார் ஷிப்ட் என்று கணக்குப் போடுவாள். 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இதைவிட ஒரு பயங்கரக் கதைக்கு என்ன வேண்டும்? விளக்கு இருக்கிறது, இருட்டு இருக்கிறது, காது கொடுத்துக் கேட்க வேண்டிய சத்தம் இருக்கிறது, மேலே காத்திருக்கும் ஆள் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்கிறார்கள்! யாராவது ஒருவர் எழுந்திருக்கலாம்.

இதற்கிடையில் பேரன் பெங்களூர் போய் ஒரு சிநேகிதனைச் சேர்த்துக்கொண்டு, அந்த ரோந்து ராத்திரியைச் சின்ன விளையாட்டாகச் செய்து பார்க்கிறான். ஞாயிறுதோறும் போன் வருகிறது. ரோந்துக்காரர் எந்தக் கையில் விளக்கைப் பிடிப்பார், பெட்டி எவ்வளவு கனம், ஜல்லியில் நடந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று கேள்விகள். போன வாரம், மண் அரித்த இடத்தில் தண்ணீர் எப்படி ஓசை கொடுக்கும், ரெக்கார்டு செய்து அனுப்புங்கள் தாத்தா என்றான். லைனுக்குள் இப்போது நானும் இறங்கக் கூடாது, ஓய்வு பெற்றவனுக்கும் விதி விதிதான். ஏரிக்கரை மதகுப் பக்கம் கிட்டத்தட்ட அதே சத்தம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். மழைக்குக் காத்திருக்கிறேன்.