பழைய பத்மினியும் புதிய பிரேக்கும்

மும்பையில் வாழும் நம்மவர் குடும்பங்கள் சிலவற்றில், தந்தையார் காலத்து ‘பிரீமியர் பத்மினி’ வண்டியை இன்றும் போற்றி வைத்திருக்கிறார்கள். இத்தாலிய பியட் 1100 வகையின் வழிவந்து, நம் குர்லாவில் உருவான வண்டி அது. அதற்கு மாருதி முதலிய பிற்கால வண்டிகளின் முன்சக்கர டிஸ்க் பிரேக்கைப் பொருத்துதல் தகுமா என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

பத்மினியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே உள்ளது. டிரம்மின் உட்புறத்தில் இரண்டு ‘ஷூ’க்கள் விரிந்து உராய்வதால் வண்டி நிற்கிறது. நகருக்குள் இதன் குறை புலப்படாது. கண்டாலாவிலிருந்து கோபோலிக்கு மலையிறங்கும்போதுதான் சோதனை. அடுத்தடுத்து மிதிப்பதால் டிரம் சூடேறி விரிந்து, ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிப்பும் தளர்கிறது. கால் எவ்வளவு அழுத்தினும் வண்டி அடங்குவதில்லை. டிஸ்க் பிரேக்கிலோ தகடு வெளிக்காற்றில் சுழல்வதால் வெப்பம் விரைவில் ஆறுகிறது. 1953-ல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் வண்டி வென்றபோதே இதன் மேன்மை உலகறிந்தது.

ஆகவே ஆசை நியாயமானதே. ஆயினும் தகட்டையும் காலிப்பரையும் மட்டும் மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுதல் பேராபத்து.

டிரம் பிரேக்கில் சக்கரம் சுழலும் வேகமே ஒரு ஷூவை மேலும் இறுக்கித் துணைபுரிகிறது. டிஸ்க்கில் அத்துணை இல்லை; எனவே அதிக அழுத்தம் வேண்டும். அதை அளிக்க வெற்றிட பூஸ்டர் தேவைப்படலாம். காலிப்பரின் பிஸ்டன் பெரிதாகையால், பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெய் போதாமற் போகலாம். மேலும், டிரம்முக்கென அமைந்த மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு உண்டு. அது டிஸ்க்குக்கு ஒவ்வாது. மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் பிரேக் பிடித்தபடியே இருந்து, தகடு காய்ந்துபோகும்.

முன்பின் சமநிலை இவற்றினும் முக்கியமானது. பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னே சாய்வதால் பின்சக்கரங்கள் இலகுவாகின்றன. அவை முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். பின் பிரேக்கின் அழுத்தத்தை அதற்கேற்ப மட்டுப்படுத்த வேண்டும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை அளவறிந்து கடைந்தெடுக்கத் தெரிந்தவரிடமே வேலையை ஒப்படைக்க வேண்டும். கிடைத்த இரும்புத் துண்டைப் பற்றவைத்துச் சமாளிப்பது உயிரோடு விளையாடுவதாகும். வீலுக்குள் காலிப்பர் உராயாமல் இடமிருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்க.

நிற்க, சட்டத்தையும் கருத வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டிகளில் செய்யும் மாறுதல்களுக்கு வரம்பு விதிக்கிறது. 2021-ல் வந்த விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, பெரிய மாறுதலின்றி மூல வடிவில் காக்கப்பட்ட வண்டியே ‘விண்டேஜ்’ பதிவுக்கு உரியது. எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டறிந்த பின்னரே வேலையைத் தொடங்குக. கழற்றிய பாகங்களை எறியாமல் பத்திரப்படுத்துக.

எல்லாவற்றிற்கும் முன்பாக, இருக்கும் பிரேக்கைச் செம்மை செய்க. வெடித்த ரப்பர் குழாய்களையும், ஈரமேறிய பிரேக் எண்ணெயையும், தேய்ந்த லைனிங்கையும் மாற்றி, ஷூக்களைச் சரியாக நெருக்கி வைத்தாலே பலருடைய குறை தீர்ந்துவிடும். மலையிறங்குகையில் கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைத் தடுக்குமாறு ஓட்டுக. அதன் பின்னும் குறையிருப்பின் டிஸ்க்கை நாடலாம். நாடினால் முழுமையாகச் செய்க. அரைகுறையாக மாற்றிய புதிய பிரேக்கைவிட, நன்கு பேணிய பழைய பிரேக்கே பின்னாசனத்தில் அமரும் நம் குழந்தைகளுக்குச் சிறந்த காவல்.