நல்ல பொண்ணு

ஆட்டிசம் பற்றி ஒரு தமிழ்ச் சிறுகதை வந்தால் அதில் பெரும்பாலும் ஒரு பையன் இருப்பான். யார் முகத்தையும் பார்க்கமாட்டான், பொம்மைக் காரை வரிசையாக அடுக்குவான், பக்கத்தில் அம்மா அழுதுகொண்டிருப்பாள். எழுதுகிறவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. மருத்துவமே அப்படித்தான் தொடங்கியது. 1943இல் லியோ கானர் விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். மறு ஆண்டு வியன்னாவில் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய நான்கு பேருமே பையன்கள். அந்தப் பையன்களுக்கு வெட்டிய சட்டையைத்தான் பிறகு பெண்களுக்கும் போட்டுப் பார்த்தார்கள். பொருந்தாதவளுக்கு ஆட்டிசம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்ற கணக்கு அப்படி நிலைத்தது. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது மூன்றுக்கு ஒன்று என்பதற்கு நெருக்கமாக வந்தது. கண்டறியப்படாமல் நழுவுவதில் பெண்களே அதிகம் என்பதும் தெரிந்தது.

எனக்கு 32 வயதில் சொன்னார்கள். அதுவரை எனக்கிருந்த பெயர் ‘நல்ல பொண்ணு’. “புக்கக் கையில குடுத்துட்டா போதும், சத்தமே இருக்காது” என்று வீட்டில் பெருமை. பையன் காரை அடுக்கினால் டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். பொண்ணு ஒரே நாவலை இருபது தடவை படித்தால் வாசகி என்கிறோம்.

கண்ணைப் பார்த்துப் பேச எனக்கு முடியாது. அதனால் எதிரில் இருப்பவரின் பொட்டைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். வகுப்பில் எல்லாருக்கும் பிடித்த ஒருத்தி எந்த இடத்தில் சிரிக்கிறாள், எந்த இடத்தில் “சும்மா இரு லா” என்கிறாள் என்று கவனித்து, வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்ப்பேன். ஆய்வாளர்கள் இதை மாஸ்கிங் என்கிறார்கள். நம் வீடுகளில் இதற்கு இலவசப் பயிற்சியே நடக்கிறது, பெண்களுக்கு மட்டும். விருந்தாளி வரும்போது அண்ணன் அறையை விட்டு வராவிட்டால் “அவனுக்குக் கூச்சம்”. நான் வராவிட்டால் “திமிரு”. “பொம்பளப் புள்ள, வாங்கன்னு கேளு, சிரிச்ச முகமா இரு.” கேட்டேன், சிரித்தேன். கடைசியில் நான் முதலில் பார்த்த மருத்துவர் என்ன சொன்னார் தெரியுமா? “நல்லா கண்ணப் பார்த்துப் பேசுறீங்களே, உங்களுக்கு எப்படி ஆட்டிசம் இருக்கும்?” அவர் நெற்றியில் சின்னக் கறுப்புப் பொட்டு.

இந்த நடிப்புக்கு விலை உண்டு. ஒரு கல்யாண டின்னரை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் ஜரிகை அறுக்கும். ஸ்பீக்கர் நெஞ்சுக்குள் இடிக்கும். மேசையில் பத்துப் பேர், பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். எதிரில் ஒரு அத்தை, “உனக்கு எப்போம்மா?” மூன்று மணி நேரம் சிரித்துவிட்டு வந்தால் அடுத்த இரண்டு நாள் இருட்டறை. வாய் திறக்க வராது, குளிக்கக்கூட எழ முடியாது. அந்த இரண்டு நாளை உறவினர் யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்கள் சோம்பேறி என்பார்கள், இல்லாவிட்டால் டிப்ரஷன் என்பார்கள். என்னைப் போன்ற பலருக்கு முதலில் கிடைப்பது டிப்ரஷன் மாத்திரைதான்.

“இப்பல்லாம் இது ஒரு ஃபேஷன், டிக்டாக் பார்த்துட்டு ஆளாளுக்கு ஆட்டிசம்ங்கறாங்க” என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இலக்கியக் கூட்டங்களிலும் கேட்கிறேன். தனியாரிடம் மதிப்பீட்டுக்கு நான் கொடுத்தது என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். ஃபேஷன்தான் வேண்டுமென்றால் ஐபோன் வாங்கியிருப்பேன். மலேசியாவில் ஓகேயூ அட்டைக்குப் போனால் ஆட்டிசம் ‘கற்றல் பிரச்சினை’ என்ற பிரிவில் வரும். பட்டதாரிப் பெண் அந்தப் பிரிவைச் சொல்லிக் கவுண்டரில் நிற்பதில் என்ன கவர்ச்சி இருக்கிறது?

தமிழில் இதற்கு ‘மதியிறுக்கம்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். என் மதி இறுகிக் கிடக்கவில்லை. அது எல்லாச் சத்தத்தையும், எல்லா வெளிச்சத்தையும், எதிரில் இருப்பவரின் ஒவ்வொரு முகச்சுளிப்பையும் உள்ளே விட்டுவிடுகிறது. இறுகிக் கிடப்பது தாடைதான், சிரித்துச் சிரித்து. நீங்கள் ஆட்டிசம் என்றே எழுதுங்கள். பந்தியிலிருந்து எழுந்து வாசலுக்குப் போகும் பெண் உங்கள் கதையில் வந்தால், உடனே அவளுக்கு ஒரு காதல் தோல்வியைத் தேடாதீர்கள். உள்ளே உறுமி மேளம் அடித்துக்கொண்டிருக்கலாம்.