சவாரி கொஞ்சம், பணிவிடை அதிகம்



குதிரைச் சவாரி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கொடைக்கானல் ஏரிக்கரைதான். கடிவாளத்தைப் பிடித்தபடி குதிரைக்காரர் கூடவே நடந்து வருவார். படம் எடுத்து முடிப்பதற்குள் சவாரியும் முடிந்துவிடும். இந்த இதழின் பயணச் சிறப்புப் பகுதி உங்களை அழைத்துப் போகும் காட்டில் அப்படிக் கூட வர யாரும் இல்லை.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில் இருக்கிறது பாப் மார்ஷல் வனப்பகுதி. 10 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான அரசுக் காடு; உள்ளே ஒரு சாலைகூடக் கிடையாது. காட்டை அதன் போக்கில் விட்டுவைப்பதற்காக 1964-இல் வந்த சட்டம், மோட்டார் வண்டியை மட்டுமல்ல, சைக்கிளையும் இங்கே அனுமதிப்பதில்லை. பாதையில் மரம் விழுந்தால், வனத்துறை ஊழியர்கள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் பழைய ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். அவர்களுடைய மூட்டை முடிச்சுகளைச் சுமப்பவை கோவேறு கழுதைகள். நிலவுக்கு ஆள் அனுப்பிய அரசாங்கம் இன்றும் கழுதைத் தீவனத்துக்குக் கணக்கு எழுதுகிறது! (காட்டுக்குப் பெயர் தந்த பாப் மார்ஷல், நடையில் பெயர் வாங்கியவர். ஒரே நாளில் ஐம்பது கிலோமீட்டர் நடப்பது அவருக்குச் சர்வ சாதாரணம்.)

பொதுமக்களும் இங்கே சொந்தக் குதிரையோடு வந்து நாள்கணக்கில் தங்கலாம். ஆனால், கட்டுரையைப் படித்தால் சவாரி செய்யும் நேரத்தைவிட குதிரைக்குப் பணிவிடை செய்யும் நேரம்தான் அதிகம் என்று தோன்றும். ஒரு குதிரை நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். அதைக் கண்ட மரத்தில் கட்டிப்போட்டால் குளம்பால் வேரைப் பறிக்கும், பட்டையைக் கடிக்கும். எனவே இரண்டு மரங்களில் அகலமான நாடாக்களைச் சுற்றி, தலைக்கு மேல் கயிறு இழுத்து, அந்தக் கயிற்றில் கட்ட வேண்டும். மேய விடும்போது, நம் ஊரில் கழுதைக்குச் செய்வதுபோலவே முன்னங்கால்களுக்குத் தளை. கொண்டுபோகும் புல்லில் களைவிதை இல்லை என்று சான்றிதழ் வேண்டும். சாணத்தோடு விதை விழுந்து அந்நியச் செடி காட்டில் முளைத்துவிடக் கூடாதே! கரடி நடமாடும் இடம் என்பதால் தானியத் தீவனத்தையும் சோற்று மூட்டையோடு சேர்த்து உயரத்தில் தொங்கவிட வேண்டும். கிளம்பும்போது சாணத்தைக் கிளறிப் பரப்பிவிட்டுத்தான் போக வேண்டும்.

என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சின்னக் கயிறு. வரிசையாகப் போகும் பொதிக்கழுதைகளை ஒன்றோடொன்று பிணைக்கும்போது, நடுவில் மெல்லிய கயிற்று வளையம் ஒன்றை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். ஒரு கழுதை கால் இடறிச் சரிவில் உருண்டால் அந்த வளையம் அறுந்துவிடும், மற்றவை பிழைக்கும். விழுந்து பார்த்தவர்கள்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலைப்பாதையில் குதிரை எதிர்ப்பட்டால் நடந்து வருகிறவர்தான் ஒதுங்க வேண்டும். அதுவும் பள்ளத்துப் பக்கமாக. முதுகில் பெரிய பையோடு மேட்டில் அசையாமல் நிற்கும் உருவம், குதிரையின் கண்ணுக்குப் பாயக் காத்திருக்கும் மிருகம். வாய்திறந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும், மனிதக் குரல் கேட்டு அது நிதானத்துக்கு வந்துவிடும்.

பொதி சுமக்கும் குதிரைகள் நம் மலைகளிலும் உண்டு. தேர்தல் வந்தால், வாக்குப்பதிவு இயந்திரங்களைக் குதிரை மேல் ஏற்றிக்கொண்டு மலைக்கிராமங்களுக்குப் போகும் படம் நம் பத்திரிகைகளிலும் வரும். வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் அந்தக் குதிரைகளும் அவற்றை ஓட்டுகிறவர்களும் செய்தியிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். அரிசியும் எரிவாயு உருளையும் இன்றும் குதிரை முதுகில் ஏறிவரும் ஊரில் நீங்கள் இருந்தாலோ, அப்படி ஓர் ஊரை அறிந்திருந்தாலோ எங்களுக்கு எழுதுங்கள். பொதியை எப்படிக் கட்டுகிறார்கள், மழைக்காலத்தில் என்ன செய்கிறார்கள், குதிரைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், எல்லாம் வேண்டும். படம் இருந்தால் இன்னும் நல்லது. வரும் கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்