எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன்

அண்மையில் ஒரு கருத்தரங்கில், கேரளத்தின் எல்லையோர மாவட்டங்களில் கட்டுமானத் திட்டங்களுக்கு அனுமதி கிடைக்க ஆகும் காலத்தைக் கணிக்கும் ஆய்வுக்கட்டுரை ஒன்றைக் கேட்டேன். பாலக்காட்டையும் இடுக்கியையும் ‘தமிழக எல்லை’ என்ற ஒரே பெட்டியில் அடைத்து, விண்ணப்பம் பதிவான நாளுக்கும் அனுமதி வழங்கப்பட்ட நாளுக்கும் இடையிலான நாள்களை எண்ணிச் சராசரி கண்டிருந்தார்கள். அரசு நிர்வாகம் கணினிமயமானதால் அந்தச் சராசரி குறைந்துவருகிறது என்பது முடிவு. அவை கைதட்டியது. கேள்வி நேரத்தில் எனக்குக் கிடைத்த ஒரு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கட்டுரையாளர்மீது எனக்குக் காழ்ப்பில்லை. அவர் செய்ததைத்தான் நம் துறையில் பெரும்பாலோர் செய்துகொண்டிருக்கிறோம். என் முதல் ஆண்டு ஆய்வு முன்வரைவும் இதே பிழையின்மேல்தான் நின்றது.

முதலில் கடிகாரம் எங்கே ஓடத் தொடங்குகிறது என்பதைப் பார்ப்போம். கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி செயலாளர் குறித்த காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விண்ணப்பதாரர் பஞ்சாயத்துக் குழுவிடம் போகலாம். குழுவும் ஒரு மாதம் வாய் திறக்காவிட்டால் அனுமதி தரப்பட்டதாகவே கொள்ளலாம். ஏட்டில் இதைவிடத் தாராளமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் இந்தக் கடிகாரம் ‘முழுமையான’ விண்ணப்பத்துக்கு மட்டுமே ஓடும். உடைமைச் சான்றிதழ், நிலவரி ரசீது, தண்டப்பேர் கணக்கு, நிலத்தின் வகை, பட்டா எந்த நோக்கத்துக்குத் தரப்பட்டது என்ற கிராம அலுவலரின் சான்று ஆகிய அனைத்தும் கைக்கு வந்த பிறகே விண்ணப்பம் முழுமையாகும். காத்திருப்பின் பெரும்பகுதி கழிவது இந்தத் தாள்களுக்காகத்தான். அந்தக் காலம் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. 2024 ஜனவரியில் தொடங்கிய கே-ஸ்மார்ட் தளம் தன்னிடம் வந்து சேர்ந்த விண்ணப்பத்தை விரைவாக நகர்த்துகிறது என்பதை மறுக்கவில்லை. வந்து சேராதவரைப் பற்றி அது என்ன சொல்ல முடியும்?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவுகளை நம்புகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிய அனுமதிகளின் நகல்களை இணைத்தால்தான் ஒரு திட்டத்தைப் பதிவுசெய்யவே முடியும். அதாவது அந்தத் தரவு, காத்திருப்பு முடிந்த இடத்தில் தொடங்குகிறது. அதை வைத்துக் காத்திருப்பைக் கணிப்பது, வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும் விசாரித்துவிட்டுச் சாலை விபத்தே இல்லை என்று அறிவிப்பது போன்றது.

இதைப் புள்ளியியல் மாணவர்கள் முதல் பருவத்திலேயே படிக்கிறார்கள். இன்னும் முடியாத நிகழ்வுகளை ஒதுக்கிவிட்டு, முடிந்தவற்றை மட்டும் எண்ணினால் காலம் குறைவாகத் தெரியும். 1958இல் கப்லானும் மெயரும் இதற்கான மதிப்பீட்டு முறையைத் தந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மருத்துவ ஆய்வில் நோயாளி பாதியில் காணாமல் போனால் அவரை என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். நில ஆய்வில் விண்ணப்பதாரர் காணாமல் போனால் அட்டவணை சுத்தமாகிவிட்டது என்று மகிழ்கிறோம்.

இந்த மனப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் மறைபொருள் அல்ல. உலக வங்கியின் ‘தொழில் நடத்தும் எளிமை’ அறிக்கையில் கட்டுமான அனுமதி ஓர் அளவுகோல். 2018ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியா அதில் 181ஆவது இடம், அடுத்த அறிக்கையில் 52, அதற்கடுத்ததில் 27. இரண்டே ஆண்டுகளில் 154 படிகள்! அளக்கப்பட்டதோ டெல்லியிலும் மும்பையிலும் கட்டப்படுவதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு கிடங்கு. சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு கண்டறியப்பட்டு அந்த அறிக்கையையே 2021 செப்டம்பரில் வங்கி கைவிட்டது. அறிக்கை போய்விட்டது, நாள்களை எண்ணும் பழக்கம் நம் ஆய்வேடுகளில் தங்கிவிட்டது.

இனி இடுக்கிக்கு வருகிறேன். அங்கே அனுமதியின் காலம் மேசையில் தேங்குவதில்லை, பட்டாவில் தேங்குகிறது. 1960ஆம் ஆண்டு நிலப் பதிவுச் சட்டமும் 1964ஆம் ஆண்டு விதிகளும் அரசு நிலத்தைச் சொந்த விவசாயத்துக்கும் வீட்டுமனைக்கும்தான் முதன்மையாக வழங்கின. 1977 ஜனவரி 1க்கு முன் வனநிலத்தில் குடியேறியவர்களுக்கான 1993ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகள் சிறு கடையையும் சேர்த்துக்கொண்டன. அந்தப் பட்டாக்களின்மேல் ஓட்டல்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன. 2010இல் உயர் நீதிமன்றம் மூணாறு பகுதியில் வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று இன்றிக் கட்டக் கூடாது என்றது. 2019 ஆகஸ்ட் 22 அரசாணை, பட்டாவின் நோக்கத்துக்கு மாறான கட்டடத்துக்கு அனுமதி இல்லை என்றது. மாவட்டமே கொதித்தெழுந்ததும் அந்தக் கட்டுப்பாடு பள்ளிவாசல், சின்னக்கானல், வெள்ளத்தூவல் முதலிய எட்டுக் கிராமங்களுக்குச் சுருக்கப்பட்டது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் ஒன்பது ஊராட்சிகளில் இரண்டு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே செப்டம்பரில் சட்டமன்றம் நிலப் பதிவுச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் 2024 ஏப்ரலில்தான் வந்தது. விதிகள் அமைச்சரவையைத் தாண்ட 2025 ஆகஸ்ட் ஆயிற்று.

2019 ஜூலையில் விண்ணப்பித்தவரும் அதே ஆண்டு செப்டம்பரில் விண்ணப்பித்தவரும் ஒரே ஊராட்சியில், ஒரே அளவு வீட்டுக்கு, இருவேறு சட்ட உலகங்களில் நின்றார்கள். இவ்விருவரின் நாள்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது எதன் சராசரி? திட்டமிடுபவரின் மிகை நம்பிக்கையைப் பற்றி 1979இல் கானெமனும் ட்வெர்ஸ்கியும் எழுதியதை மேற்கோள் காட்டி, ஒத்த திட்டங்களின் கடந்தகாலத்தைப் பார்த்துக் கணியுங்கள் என்று அறிவுரை கூறுவோர் உண்டு. நல்ல அறிவுரைதான். ஆனால் விதியே நடுவழியில் மாறும் இடத்தில் ‘ஒத்த திட்டம்’ என்று எதைச் சொல்வது?

பாலக்காட்டின் நோய் முற்றிலும் வேறு. சித்தூர் வட்டத்தின் சமவெளியில் கேள்வி பட்டாவின் நோக்கம் அல்ல, நிலத்தின் பெயர். 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் தரவுவங்கியில் உங்கள் மனை வயல் என்று ஏறியிருந்தால் 5ஆம் எண் படிவம். தரவுவங்கியில் இல்லாமல் பழைய அடிப்படை வரிப்பதிவேட்டில் மட்டும் வயல் என்றிருந்தால், 2018இல் சேர்க்கப்பட்ட 27ஏ பிரிவின் கீழ் வேறு படிவம். வேளாண் அலுவலரின் அறிக்கை, தேவைப்பட்டால் செயற்கைக்கோள் படம், பிறகு கோட்டாட்சியரின் ஆணை, அதன்பின் கிராமப் பதிவேட்டில் திருத்தம். மாநிலம் முழுவதும் இலட்சக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிந்த பின்னரே, 2024இல் துணை ஆட்சியர்களுக்கும் அந்த அதிகாரம் பகிரப்பட்டது. இந்தத் தாமதம் ஆள் பற்றாக்குறையின் தாமதம். ஆளைக் கூட்டினால் குறையும். இடுக்கியின் தாமதம் நில வரலாற்றின் தாமதம். ஆளைக் கூட்டினால் மறுப்புக் கடிதம்தான் விரைவாக வரும். இரண்டையும் ஒரே மாறியில் அடைத்தவர்கள் எல்லையை வரைபடத்தில் மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

மறுபுறம் சூழலியல் நண்பர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. தாமதமே மலையைக் காக்கிறது, ஆகவே தாமதம் நல்லது என்பது அவர்கள் வாதம். மலைக்குக் காவல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குச் சூழல் அனுமதி கட்டாயம் என்ற 2006ஆம் ஆண்டு அறிவிக்கையைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் மறுப்பது வேறு, பதில் சொல்லாமல் இருப்பது வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கூருணர்வுப் பகுதிகளுக்கான வரைவு அறிவிக்கை 2014 மார்ச்சில் வந்தது. 2024 ஜூலையில் ஆறாவது முறையாக வரைவாகவே வந்தது. பத்தாண்டு வரைவு மலையைக் காக்காது. காத்திருக்கும் பணபலம் உள்ளவர் காத்திருப்பார், வழக்கறிஞர் வைப்பார், கட்டிவிட்டுப் பின்னர் முறைப்படுத்தக் கேட்பார். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படிக் கட்டியவர்களுக்கும் கதவு திறக்கிறது. இரண்டு சென்டில் அடித்தளம் போட்டுவிட்டு நிற்பவருக்கோ, காலமே மறுப்பாகிவிடுகிறது.

நம் அட்டவணைகளில் அறவே இடம்பெறாதவர்களைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1971ஆம் ஆண்டு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தின் கீழ் சுமார் 70,000 ஏக்கர் அரசின் கைக்கு வந்தது. சுமார் 57,000 ஏக்கர் நிறுவனத்திடமே விடப்பட்டது. மீட்டதன் நோக்கங்களுள் ஒன்று நிலமற்றோருக்குப் பகிர்வது. கொழுந்து பறிக்கும் தமிழ்த் தொழிலாளி லயத்தில் பிறந்து, லயத்தில் வாழ்ந்து, ஓய்வு பெற்றதும் அந்த ஓர் அறை வீட்டையும் காலிசெய்ய வேண்டியவராகவே இருக்கிறார். நில உச்சவரம்பிலிருந்து தோட்டங்களுக்கு அளிக்கப்பட்ட விலக்கில் தொழிலாளியின் சொந்த மனைக்கு இடமில்லை. அதே தோட்டத்தின் ஐந்து விழுக்காட்டில் ஓட்டலுக்கும் சுற்றுலாத் திட்டத்துக்கும் பின்னர் இடம் கண்டுபிடித்தது சட்டம். 2015 செப்டம்பரில் பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில் மூணாறு வீதியில் அமர்ந்த பெண்கள் போனசும் கூலியும் கேட்டார்கள். வீட்டுக் கேள்வி அப்போதும் அவர்களோடுதான் வந்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அதன்பின் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் நிலம் ஒதுக்கப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே மாவட்டம், அதே வருவாய்த் துறை, அதே சட்டங்கள். அரைநூற்றாண்டாக நகராதது சில மாதங்களில் நகர்ந்தது. கருத்தரங்கில் நான் கேட்க நினைத்தது இதைத்தான்: உங்கள் மாதிரியில் இந்த எட்டு வீடுகளின் காத்திருப்பு எத்தனை நாள்? ஒதுக்கீட்டு ஆணையிலிருந்து எண்ணுவீர்களா, மண் சரிந்த இரவிலிருந்தா, 1971இலிருந்தா? எந்த நாளைத் தொடக்கமாகக் கொள்கிறோம் என்பது நுட்பக் குறிப்பு அல்ல. யாருடைய காத்திருப்பைக் காத்திருப்பாக ஏற்கிறோம் என்ற முடிவு அது.

எனவே இப்பொருளில் ஆய்வு செய்யும் மாணவர்களிடம் சில வேண்டுகோள்கள். சராசரி நாளைத் தலைப்பில் போடாதீர்கள். திருப்பி அனுப்பப்பட்டவை, கைவிடப்பட்டவை, இன்னும் நிலுவையில் உள்ளவை எத்தனை என்பதை முதல் அட்டவணையிலேயே காட்டுங்கள். நிலம் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதைக் கேட்காமல் ஒரு விண்ணப்பத்தையும் தரவில் சேர்க்காதீர்கள். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்பாகக் கிராம அலுவலகத்தின் திண்ணையில் ஒரு வாரம் உட்காருங்கள். அங்கே இன்னொன்றும் காண்பீர்கள். 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. தேவிகுளத்திலும் சித்தூரிலும், படிவத்தில் எழுதியிருப்பது என்னவென்று பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காகத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போகிறவர்களை எண்ணிப் பாருங்கள். அந்த நாள்களுக்கும் உங்கள் அட்டவணையில் ஒரு பத்தி வேண்டும்.