பீரங்கிக் குண்டை விழுங்கிய கோட்டை... கேரவனில் ஒரு கடலோரப் பயணம்!

சினிமா ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் அதே மாதிரி வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பாத்திரம் பண்டத்தோடு குடும்பமே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அதற்கு அங்கே ஆர்.வி. என்று பெயர். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், டாய்லெட் எல்லாம் உள்ளேயே!

அப்படிப் போகிறவர்கள் விரும்பும் கடலோர ஊர்களில் ஒன்று, ஃப்ளோரிடா மாநிலத்தில் இருக்கும் செயின்ட் அகஸ்டின். 1565-ல் ஸ்பெயின்காரர்கள் உருவாக்கிய ஊர். அமெரிக்காவின் பெருநிலப் பகுதியில் ஐரோப்பியர்கள் அமைத்து, இன்றுவரை தொடர்ந்து மக்கள் வசிக்கும் ஊர்களில் இதுதான் மிகப் பழையது.

வண்டியை எங்கே நிறுத்துவது?

ஊரின் வயதுதான் முதல் சிக்கல். கார், பஸ் எல்லாம் வருவதற்கு முன்பே போட்ட தெருக்கள். ட்ரெஷரி ஸ்ட்ரீட்டின் ஒரு பகுதி சுமார் 7 அடி அகலம்தான். பெரிய ஆர்.வி.யின் அகலமே 8 அடியைத் தாண்டும்!

அதனால், பலரும் எதிரே இருக்கும் அனஸ்டேசியா தீவின் ஸ்டேட் பார்க்கில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். மர நிழலில் இடம், மின்சாரம், தண்ணீர் இணைப்பு எல்லாம் கிடைக்கும். பல மாதங்களுக்கு முன்பே புக் செய்துவிடுவது நல்லது. அங்கிருந்து சைக்கிளிலோ டாக்ஸியிலோ 'பிரிட்ஜ் ஆஃப் லயன்ஸ்' பாலத்தைக் கடந்தால் பழைய நகரம் வந்துவிடும்.

புதிதாக ஆர்.வி. எடுப்பவர்கள் திணறுவது கழிவுநீர் விஷயத்தில்தான். டாய்லெட் கழிவுக்கு ஒரு டேங்க், குளியல், சமையல் தண்ணீருக்கு இன்னொன்று. இரண்டையும் அதற்கென்று இருக்கும் 'டம்ப் ஸ்டேஷனில்' மட்டுமே காலி செய்ய வேண்டும். முதலில் டாய்லெட் டேங்க், அடுத்து குளியல் டேங்க். அப்போதுதான் பின்னால் வரும் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும்.

கிளிஞ்சலால் ஒரு கோட்டை

ஊரின் நாயகன், காஸ்டிலோ டி சான் மார்கோஸ் கோட்டை. 1672-ல் தொடங்கி 1695-ல் கட்டி முடித்தார்கள். கருங்கல் இல்லை, செங்கல் இல்லை. கோக்கினா என்ற கல். பல்லாயிரம் வருடங்களாகக் கிளிஞ்சல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி உருவானது. அதை வெட்டி எடுத்தது அனஸ்டேசியா தீவில்தான். அந்தப் பழைய குவாரியை ஸ்டேட் பார்க்கிலேயே பார்க்கலாம்.

இவ்வளவு மெத்தென்ற கல் போரில் தாங்குமா? 1702-ல் அதற்கு விடை கிடைத்தது. கரோலினாவின் ஆங்கிலேய கவர்னர் ஜேம்ஸ் மூர் படையோடு வந்து முற்றுகையிட்டார். ஊர் மக்களும் வீரர்களுமாகச் சுமார் 1,500 பேர் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். கடினமான கல் என்றால் குண்டு பட்டதும் சிதறியிருக்கும். கோக்கினாவோ அமுங்கிக்கொடுத்து, குண்டுகளைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. ஹவானாவிலிருந்து உதவிக் கப்பல்கள் வந்ததும் மூர் பின்வாங்கினார். போகும்போது ஊரைக் கொளுத்திவிட்டார். கோட்டையும் உள்ளே இருந்தவர்களும் தப்பினார்கள்.

தீவிலேயே 1874-ல் முதன்முதலாக விளக்கேற்றப்பட்ட கலங்கரை விளக்கமும் இருக்கிறது. 219 படிகள். முட்டி வலி இருப்பவர்கள் கீழிருந்தே ரசிக்கலாம்!

இப்போதைய எதிரி

பீரங்கியைச் சமாளித்த ஊருக்கு இன்று கடல்தான் கவலை. 2016-ல் மேத்யூ, 2017-ல் இர்மா என அடுத்தடுத்து வந்த புயல்களில் பழைய நகரத்துக்குள் வெள்ளம் புகுந்தது. அட்லான்டிக் புயல் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பள்ளி விடுமுறையும் இதற்குள்தான் வருகிறது.

இந்த மாதங்களில் போவதாக இருந்தால், கேன்சல் செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே புக் செய்யுங்கள். தினமும் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். வெளியேறச் சொன்னால், 'எல்லாம்தான் வண்டியிலேயே இருக்கிறதே' என்று தங்கிவிடாதீர்கள். உயரமான, எடை குறைந்த சுவர்கள் கொண்ட ஆர்.வி., புயல் காற்றைத் தாங்காது. கோட்டையால் இடம்பெயர முடியாது. உங்கள் வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறது. சீக்கிரமே கிளம்பிவிடுங்கள்!