பிரேக் குழாய்: தேய்ப்பதா, மாற்றுவதா?

பழைய கார்களைப் பேணுவோரிடையே நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. துருவேறிய பிரேக் குழாய்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து வைத்துக்கொள்வதா, கழற்றிவிட்டுப் புதியன பூட்டுவதா என்பதே அது. வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தில் இன்னும் ஓடும் அம்பாசடர்களையும் பத்மினிகளையும் மனத்திற்கொண்டு இதில் எங்கள் கட்சியைச் சொல்லிவிடுகிறோம்: மாற்றிவிட வேண்டும்.

எதிர்க்கட்சியின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நின்று பல காலமாயிற்று, பத்மினியும் போயிற்று, உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் முடிந்தது. இனி ஆலையிலிருந்து ஓர் உறுப்பும் வரப்போவதில்லை. ஆகவே வண்டியோடு பிறந்த ஒவ்வொரு திருகும் அருமையானது என்கிறார்கள். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தமும் 50 ஆண்டு கடந்த வண்டிகள் மூல வடிவில் இருக்கவேண்டும் என்கிறது. ஆனால் அவ்விதி கவலைப்படுவது அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாறுதல்களைப் பற்றியே. பிரேக் குழாய்க்கு அது காவல் நிற்கவில்லை.

துரு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். இக்குழாய்கள் மெல்லிய எஃகால் ஆனவை. உள்ளே இருக்கும் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரம் குழாயை உள்ளிருந்து அரிக்கிறது. உப்புத்தாளால் வெளிப்புறத்தைப் பளபளக்கச் செய்யலாம். உட்சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை எந்த மெக்கானிக்கின் கண்ணும் காணாது. தேய்க்கத் தேய்க்க எஞ்சியிருக்கும் கனமும் குறையும். பழைய அம்பாசடரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்று. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கும் கைவிடும், கைபிரேக் ஒன்றே மிஞ்சும். ரப்பர் ஹோஸ்களின் கதையும் இதுவே. வெளியே நன்றாயிருக்கும், உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கும்.

இந்த வட்டாரத்திற்கு வெளிப்புறத் தொல்லையும் கூடுதல். தோலைப் பதப்படுத்துமுன் அழுகாமல் காப்பது உப்பு. அந்த உப்பும் ஆலைக் கழிவுகளும் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் கலந்ததைப் பற்றித்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை அளித்தது. உப்பேறிய ஆழ்குழாய்க் கிணற்று நீரால் வண்டியின் அடிப்புறத்தைக் கழுவுவோர், சுத்தம் செய்வதாக எண்ணித் துருவுக்கு உணவிடுகிறார்கள்.

பக்கத்தில் ஏலகிரி இருக்கிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர் பெயர்களும் வள்ளல் பெயர்களும் சூட்டியிருக்கிறார்கள். இறக்கத்தில் பிரேக் காய்ந்து கொதிக்கும்போது அந்தப் பெயர்களை இரசிக்க மனம் வராது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் 140 வரை இறங்க இடமுண்டு. கொதித்தால் ஆவி உண்டாகும்; பெடல் வெற்றாய் அமிழும். எனவே குழாயை மாற்றும்போது ஆயிலையும் மாற்றுவதே முறை.

மூலம் என்று போற்றுவோர் பிரேக்கின் வரலாற்றையும் நினைக்கவேண்டும். லாக்கீடின் தொடக்ககால ஹைட்ராலிக் பிரேக்குகளில் கசிவைத் தடுக்கத் தோல் வாஷர்களே இருந்தன. அவை கசிந்தன. 1924-இல் தன் முதல் காரை வெளியிட்ட கிரைஸ்லர், அவற்றை ரப்பருக்கு மாற்றியது. தோலையே வாழ்வாகக் கொண்ட ஆம்பூர்க்காரர்கூட இன்று தம் வண்டியின் வீல் சிலிண்டருக்குத் தோல் வாஷர் கேட்கமாட்டார்.

சங்கப் பாடல்கள் எழுதப்பட்ட முதல் ஓலை ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ஏடு செல்லரிக்குமுன் யாரோ புதிய ஓலையில் படியெடுத்தார்கள், அதனால்தான் உ.வே.சா.வுக்குத் தேட ஏதோ மிஞ்சியது. படியெடுத்தவர் பிழையின்றி எழுதினாரா என்பதே கேள்வியாயிருந்தது. ஓலை பழையதா என்பதன்று. குழாய்க்கும் அவ்வாறே. செம்புக் குழாயைக் கிடைத்த அளவில் வெட்டி, கிளிப்பு இன்றித் தொங்கவிட்டு, திருகுப்புரி பொருந்தாத நட்டை முறுக்கி ஏற்றுவது மாற்றமாகாது. அதைவிடப் பழையதே மேல். பிரேக்குக்கென்று செய்த குழாய் வேண்டும். முனை இருமடிப்பாக விரித்திருக்க வேண்டும். பழைய வழித்தடமே தொடரவேண்டும். பித்தளை இணைப்புகள், கிளிப்புகள், டிரம்கள் ஆகியன நல்ல நிலையில் இருந்தால் அவற்றைத் தாராளமாகச் சுத்தம் செய்து பூட்டலாம்.

கழற்றிய குழாயை உடனே காயலான் கடைக்கு அனுப்பவேண்டா. புதியதை வளைக்க அதுவே அளவுகோல். எந்தச் சக்கரத்துடையது என்று சீட்டெழுதிக் கட்டி, ஷெட்டின் சுவரில் மாட்டிவைக்கலாம். அடுத்து வண்டியை ஓட்டப்போகிறவருக்கு அது பயன்படும்.