தாகம் சொல்லத் தெரியாதவர்கள்



சித்திரை பிறந்துவிட்டது. அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே வெயில் கொளுத்துகிறது. நமக்காவது வெயிலைத் திட்டத் தெரியும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதுவும் தெரியாது. விளையாட்டு மும்முரத்தில் தாகம் உறைக்காது. உறைத்தாலும் சிணுங்கும், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாமோ பிடிவாதம் என்று அதட்டுகிறோம். எடையோடு ஒப்பிட்டால் சின்னக் குழந்தையின் தோல்பரப்பு அதிகம், வியர்ப்பதோ குறைவு. அதனால் வெளிச்சூடு அதன் உடம்பில் சீக்கிரம் ஏறுகிறது. தண்ணீரோ மோரோ, பிள்ளை கேட்கும் வரை காத்திராமல் நாமே அடிக்கடி கொடுக்க வேண்டும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் வெயிலின் சேதம் இறப்புக் கணக்கோடு முடிவதில்லை. இரவெல்லாம் புழுங்கித் தூங்காத குழந்தை மறுநாள் சாப்பிடாது, விளையாடாது. வெளியே விட முடியாமல் அம்மா கையில் போனைக் கொடுத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூளை வேகமாக வளரும் வயதில் உணவும் தூக்கமும் ஓடியாடுவதும் பேச்சும் ஒன்றாகக் குறைவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

தகரக் கூரை வீடுகளில் தூளி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நைலக்ஸ் புடவை, அதற்குள் வியர்த்து நனைந்த பிள்ளை. தூளியின் மடிப்புக்குள் காற்று புகாது. கூரையின் அனல் நேரே இறங்கும். பகலிலாவது பிள்ளையைத் தரையில் பாய் விரித்து, பருத்தித் துணி போட்டுக் கிடத்துங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குக் கோடையிலும் தாய்ப்பால் மட்டும் போதும்; சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். அடிக்கடி பால் கொடுங்கள், தாய் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் பொடி முழுவதையும் கரைக்க வேண்டும். பாதிப் பொடியைக் குத்துமதிப்பாக டம்ளரில் கலக்குவது ஆபத்து. உச்சிக்குழி உள்வாங்கினால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், மணிக்கணக்கில் சிறுநீர் போகாவிட்டால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பிறப்பதற்கு முன்பே வெயில் பிள்ளையைத் தொட்டுவிடுகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது ஆகிய ஆபத்துகள் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தன என்கிறது அது. காட்டு வேலையிலும் செங்கல் சூளையிலும் இருக்கும் பெண்ணிடம் 'ஓய்வெடு' என்று மட்டும் சொன்னால் போதுமா? கூலி போகாமல் நிழலும் இடைவேளையும் கிடைக்க வழி செய்ய வேண்டாமா?

அங்கன்வாடிக்கு வருகிறேன். 1975-ல் தொடங்கிய திட்டத்தின் கீழ் தமிழகத்தில் இன்று 50,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. சத்துணவும் முட்டையும் தந்து ஏழைப் பிள்ளைகளை வளர்த்தெடுப்பவை இவைதான். டீச்சரும் ஆயாவும் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். கூரையை மாற்றுவது அவர்கள் கையில் இல்லை. உங்கள் தெரு மையத்துக்கு ஒரு நடுப்பகலில் போய்ப் பாருங்கள். மின்விசிறி ஓடுகிறதா, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் குடிநீர் இருக்கிறதா, முற்றத்தில் நிழல் உண்டா? கான்கிரீட் தளமானால் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தாலே உள்ளே சூடு தணியும். அதிகச் செலவில்லாத வேலை.

மே 1 அன்று கிராம சபை கூடும். பூச்சு, குடிநீர், நிழல் மூன்றையும் அங்கே எழுந்து கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை உட்காராதீர்கள். என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்; ஜூன் இதழில் உங்கள் கடிதங்களுக்குப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்